வாத்தியார்கள் எல்.எல்.பி. படிக்கலாமா? பதவி உயர்வுக்கு என்றால் வேண்டாம்

சட்டக் கல்லூரி விண்ணப்பம் வெளியாகிற மாதங்களில் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், எல்.எல்.பி. முடிச்சா பிரமோஷனுக்கு உதவுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரு முறை விரிவாக எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் என்ற இடத்திலிருந்து மூன்று வருடச் சட்டப் படிப்பைப் பற்றிய என் மதிப்பீடு இது. படிப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பதவி உயர்வுக்கு அது தரும் உதவிக்குப் பூஜ்யம்தான் கொடுக்க முடியும், அரை மதிப்பெண் கூடச் சேர்க்க வழியில்லை.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. பி.ஏ. வரலாறு, பி.எட்., அப்புறம் துறையில் முன் அனுமதி வாங்கி, பெரும்பகுதி ஊதியமில்லா விடுப்பில், ஓர் அரசு சட்டக் கல்லூரியில் ரெகுலராகப் படித்து முடித்தேன்.

முதலில் எல்லாரும் கேட்கிற பதவி உயர்வு விஷயம். பட்டதாரி ஆசிரியரிலிருந்து முதுகலை ஆசிரியராகப் போக வேண்டுமென்றால் அந்தந்தப் பாடத்தில் இளங்கலை, அதே பாடத்தில் முதுகலை, கூடவே பி.எட். வேண்டும். எனக்கு எம்.ஏ. வரலாறு இருந்தால்தான் வரலாற்று முதுகலை ஆசிரியர் பேனலில், அதாவது பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியலில், பெயர் வரும். எல்.எல்.பி.யில் அரசியலமைப்புச் சட்டத்தை எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தாலும், பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தை நடத்தப் போவது அதே நான்தான் என்றாலும், பேனல் தயாரிக்கிற மேசையில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு கட்டம் கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்தில் சட்டம் என்று தனிப் பாடமே இல்லை, அதனால் சட்டத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடமும் இல்லை. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் துறைத் தேர்வுகள் பக்கம் போக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அந்தக் கணக்குத் தேர்வும் துணை ஆய்வாளர் தேர்வும்தான் உங்களை அங்கே கொண்டுபோகும். அதே பதவியில் கிடைக்கும் உயர் ஊதிய நிலைகளான தேர்வுநிலையும் சிறப்புநிலையும் முறையே 10 வருடம், 20 வருடம் என்று பணிக்காலத்தை வைத்து வருபவை. அதில் எல்.எல்.பி.யால் ஒரு நாள் கூட முன்னால் வராது.

இப்போது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எல்லா ஆசிரியர் அறைகளிலும் பேசப்பட்ட ஒன்று. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் மீதமிருக்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேற வேண்டும் என்றது அது. ஆக, 2011-க்கு முன்பு பணியில் சேர்ந்து டெட் எழுதாமலே இருக்கிற ஒரு சீனியர் ஆசிரியர் இன்று கையில் எல்.எல்.பி. வைத்திருந்து பயனில்லை. அவர் படிக்க வேண்டியது குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும்தான். இந்த நிலையில் இருக்கிற யாராவது சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து முதலில் டெட்டை முடியுங்கள்.

சரி, பதவி உயர்வு இல்லை, பணமாவது வருமா? ஊக்க ஊதிய உயர்வு என்ற ஏற்பாடு 1969-லிருந்து இருந்தது, கூடுதல் கல்வித் தகுதிக்கு இரண்டு இன்கிரிமென்ட், அதிகபட்சம் இரண்டு முறை. எங்கள் சீனியர்கள் எம்.ஏ.வும் எம்.எட்.டும் படித்ததற்கு ஆர்வத்தோடு சேர்ந்து அந்த நாலு இன்கிரிமென்ட்டும் காரணம். அதில் தப்பே இல்லை, படிக்கிறவருக்கு அரசு கொடுத்த மரியாதை அது. 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு 2023-ல் ஒரே தடவை கொடுக்கும் தொகையாக மாற்றினார்கள்: பட்டம் அல்லது டிப்ளமோவுக்கு 10,000 ரூபாய், முதுகலைக்கு 20,000, பிஎச்.டி.க்கு 25,000. நிபந்தனை, படித்த படிப்பு பார்க்கிற வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். எல்.எல்.பி.யை நீட்டினால் அலுவலகத்தில் வரும் முதல் கேள்வியே அந்தத் தொடர்பைப் பற்றித்தான். இன்னொரு பக்கம் செலவுக் கணக்கையும் பாருங்கள். ஊதியமில்லா விடுப்பில் இருந்த காலம் ஆண்டு ஊதிய உயர்வுக்குச் சேராது, உயர்வு தேதி தள்ளிப் போய்விடும். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவுதான், அது பெரிய விஷயமே இல்லை. விட்டுக்கொடுத்த சம்பளம்தான் இந்தப் படிப்பின் உண்மையான விலை. வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாதவர்கள் இதை நூறு தடவை யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நாலரை மதிப்பெண் எதற்கு என்றால், படிப்பு அவ்வளவு நல்ல படிப்பு.

ஒப்பந்தச் சட்டம், தீங்கியல், குடும்பச் சட்டம், சொத்துச் சட்டம், உரிமையியல் நடைமுறை, சாட்சியம் என்று ஒவ்வொன்றும் மூளையை வேறு மாதிரி உழைக்க வைக்கிறது. பள்ளியில் பல வருடம் "விடை இதுதான்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நமக்கு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கை எடுத்து எந்தப் பக்கம் ஏன் ஜெயிக்கிறது என்று எழுதுவது புது அனுபவம். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். குற்றவியல் பாடம்தான் நடுவில் எல்லாரையும் திணற வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் எல்லாம் மாறிப்போயின, கொலைக்கு 302 என்று சினிமா பார்த்தவருக்கும் தெரியும், அது இப்போது 103. பழைய வழக்குகளுக்குப் பழைய எண், புதிய வழக்குகளுக்குப் புதிய எண் என்று இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரை மதிப்பெண் குறைத்தது செய்முறைத் தாள்களுக்காக. மாதிரி நீதிமன்றமும் வரைவெழுதும் பயிற்சியும்தான் இந்தப் படிப்பின் உயிர், நான் படித்த இடத்தில் அவை ரெக்கார்டு நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிட்டன.

இந்தப் படிப்பு எனக்கு உண்மையில் பயன்பட்டது பள்ளிக்குள்தான். நம் பள்ளிகள் எவ்வளவு சட்டத்துக்குள் நடக்கின்றன என்பதே நமக்குத் தெரிவதில்லை. போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ கூட, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும் என்று அதன் 19-ஆவது பிரிவு சொல்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. இது பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது, ஸ்லைடு போடுகிறார்கள், ஆனால் நிஜமாக ஒரு பிள்ளை வந்து அழும்போது ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது: "முதல்ல எச்.எம். கிட்ட சொல்லுவோம், அவங்க பாத்துக்குவாங்க, பெத்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம், பள்ளிக்குப் பேர் கெட்டுடும்." தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது, பெற்றோர் வேண்டாம் என்றாலும் முடிந்துவிடாது என்று பிரிவைத் திறந்து காட்டிச் சொல்ல அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். இதைப் பற்றி எனக்கு ரொம்ப அழுத்தமான எண்ணம் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒருவர் இல்லாததன் விலையைக் குழந்தைகள்தான் கொடுக்கிறார்கள்.

குழந்தைத் திருமணமும் அப்படித்தான். அரையாண்டு விடுமுறை முடிந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி திரும்பி வரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் சந்தேகம் அதுதான். 2006-ஆம் வருடச் சட்டப்படி நடுவர் நீதிமன்றம் திருமணத்துக்கு முன்பே தடை உத்தரவு கொடுக்க முடியும் என்பதும், நடந்து முடிந்த திருமணத்தையும் அந்தப் பெண் பதினெட்டு வயதாகி இரண்டு வருடத்துக்குள் செல்லாததாக்கக் கேட்கலாம் என்பதும் தெரிந்த ஆசிரியரிடம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடும்போது தயக்கம் இருக்காது.

அடுத்தது நம் சொந்தத் தலைவலி, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ). பணியில் இருக்கிற எல்லாருக்கும் இந்த எண்களைக் கேட்டாலே வயிறு கலங்கும். 17(அ) சிறு தண்டனைக்கு, விளக்கம் கேட்டு முடிவெடுப்பார்கள். 17(ஆ) பெரும் தண்டனைக்கு, குற்றச்சாட்டுகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். ஆதார ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள் மெமோ கைக்கு வந்த அன்றே பதறிப்போய் "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி போதும், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 17(ஆ) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பேனலில் பெயரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். ஒரு சக ஆசிரியருக்கு நான் உட்கார்ந்து விளக்கம் எழுத உதவினேன். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த ஆவணம் இல்லாமல் குற்றச்சாட்டு நிற்கவில்லை என்று பத்தி பத்தியாக எழுதினோம், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது, அவர் பெயர் பேனலில் வந்தது. நான் படித்த எல்.எல்.பி.யால் பதவி உயர்வு கிடைத்த ஒரே ஆசிரியர் அவர்தான், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. இதை மேற்கோள் காட்டிப் பேசுபவர்கள் அதற்கு அடுத்த 28-ஆவது பிரிவு நாம் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்வதையும், 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சட்டம் படித்தால் நம் உரிமை மட்டும் தெரியாது, நாம் எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். வகுப்பில் குச்சி எடுக்கிற பழக்கம் உள்ள சிலர் நான் சொன்ன பிறகு நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி எச்சரிக்கை. பார் கவுன்சில் விதிகள்படி எல்.எல்.பி. ரெகுலர் படிப்பு மட்டும்தான், அஞ்சல் வழியில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிய முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு, அதுவும் காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணிக்குள். பள்ளி விட்டுப் போய் ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து இதை முடிக்க முடியாது என்பது கணக்குப் போட்டாலே தெரியும். ஆனால் ஊர் முழுக்க ஏஜென்ட்டுகள் சுற்றுகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரி, வருகை பற்றிக் கவலை வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஆசிரியர்களைக் குறிவைத்தே பேசுகிறார்கள், ஏனென்றால் நம்மிடம் மாதச் சம்பளமும் சான்றிதழ் ஆசையும் இருக்கிறது. தயவுசெய்து மாட்டாதீர்கள். நம் வருகை இப்போது செயலியில் தினமும் பதிவாகிறது. ஒரே நாளில் பள்ளியிலும் இருந்திருக்கிறீர்கள், இன்னொரு மாநிலத்தில் வகுப்பிலும் இருந்திருக்கிறீர்கள் என்று இரண்டு பதிவேடு இருந்தால், அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புகார் மனு போதும், பட்டம் போவதோடு வேலைக்கும் ஆபத்து.

வழக்கறிஞராகப் பதிந்துகொண்டு சனி, ஞாயிறு ஏதாவது பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முழு நேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 நேராகச் சொல்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பதிந்துகொள்ளலாம், பதிவுக் கட்டணமும் 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்தான், அதற்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று எழுத வேண்டும். ஐம்பது வயதில் படித்துவிட்டு அறுபதில் கோட்டு போடுகிறேன் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன், அவர்களுக்கு இந்தப் படிப்பு மிகவும் பொருந்தும்.

ஒரே ஒரு இடத்தில் இந்தப் பட்டம் பள்ளி வேலைக்கே நேரடியாக உதவும். சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டில் சட்டக் கல்வி என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது, அதை நடத்தும் தனியார் பள்ளிகள் சட்டம் படித்த, பி.எட். முடித்த ஆசிரியர்களைத் தேடுகின்றன. தனியார் பள்ளியில் இருப்பவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம். இன்னும் மேலே போய் எல்.எல்.எம். முடித்து, 55 சதவீதம் எடுத்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறினால் சட்டக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது பள்ளியை விட்டுப் போகிற வழி.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஆசிரியர்களுக்கு மூன்றாம் ரேங்க், இரண்டாம் ரேங்க், முதல் ரேங்க் என்று சட்டத்திலேயே படிநிலை வைத்து, ரேங்க்கைப் பொறுத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அங்கேயும் மேல் ரேங்க்குக்கு முதுகலைப் பட்டம் வாரியம் அங்கீகரித்த பாடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் விதி. படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் வாதம், சட்டத்துக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தப்பு என்பது. போக்சோ, சிறார் நீதி, கல்வி உரிமை, குழந்தைத் திருமணத் தடை, தகவல் உரிமை என்று ஒரு தலைமை ஆசிரியரின் மேசைக்கு வருவதில் பாதி சட்டம். எல்.எல்.பி. படித்த எல்லாரையும் முதுகலை ஆசிரியர் ஆக்கச் சொல்லவில்லை. பாடத்தை நடத்த அந்தப் பாடத்தில் முதுகலை வேண்டும் என்பது சரியான விதி. ஆனால் தலைமை ஆசிரியர் பதவிக்கு வரும்போதும், ஒன்றியத்துக்கு ஒரு குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் என்று வைக்கும்போதும் இந்தப் பட்டத்தைக் கணக்கில் எடுக்கலாமே? அந்த ஒருமுறைத் தொகையையாவது தயங்காமல் கொடுக்கலாமே? ஆசிரியர் சங்கங்கள் பழைய ஊக்க ஊதியத்தைத் திரும்பக் கேட்கும்போது, எந்தப் படிப்புகள் பணியோடு தொடர்புடையவை என்ற பட்டியலில் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வருடம் சேர்ந்தே தீருவது என்று முடிவெடுத்தவர்களுக்கு நடைமுறை விஷயம். மூன்று வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பட்டப் படிப்பு மதிப்பெண் வைத்துத்தான் தரவரிசை, பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே துறைக்கு முன் அனுமதி விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர் வழியாக அனுப்பிவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதிவு செய்ய மறுப்பார்கள். எனக்கு அந்தக் கடிதம் ஓர் அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக மாதக்கணக்கில் ஆனது, கலந்தாய்வுக்குச் சற்று முன்புதான் கையில் கிடைத்தது. அனுப்பிய கடிதத்தின் நகலில் பெறப்பட்ட தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கடிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். படித்து முடித்ததும் பட்டச் சான்றுக்கு உண்மைத்தன்மைச் சான்று வாங்கி, பணிப்பதிவேட்டில் பதிவு செய்தார்களா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.